ஒன்பது சென்டிமீட்டருக்குள் மரிக்கொழுந்துப் பாசி

கட்டுரை ஏ4 தாளில், இரண்டு நிரல்களாக, ஆறு பக்கங்களுக்கு மிகாமல், இணைப்பில் உள்ள வார்ப்புருவின்படி (அளவுகளை முன்பே வகுத்துவைத்த மாதிரிக் கோப்பின்படி) அமைந்திருக்க வேண்டும் என்று மாநாட்டு அறிவிப்பின் அடியில் ஒரு வரி இருந்தது. ஆய்வுக்கும் எழுத்துக்குமாக எட்டு மாதங்களைச் செலவிட்டிருந்த நான், அந்த ஒரு வரியை நிறைவேற்ற அரை நாள் போதும் என்று கணக்கிட்டிருந்தேன். எங்கள் துறையில் மூத்த ஆசிரியர் ஒருவர், "இன்றைக்கே தொடங்குங்கள் அம்மா, கடைசியில் அழுவீர்கள்" என்று விரட்டியதால், கடைசி நாளுக்குப் பன்னிரண்டு நாட்கள் இருக்கும்போதே உட்கார்ந்தேன். பதினொரு நாட்கள் ஆயின. அந்தப் பதினொரு நாட்களில் நான் செய்த பிழைகளையும் கண்டுகொண்டவற்றையும், குறிப்பாக ஆங்கிலக் கட்டுரைக்குள் தமிழ்ச் சொற்களைக் கொண்டுபோக நினைப்பவர்களுக்குப் பயன்படும் என்பதால், எழுதி வைக்கிறேன்.

நான் இராமநாதபுரத்தில் ஒரு கல்லூரியில் கணினி அறிவியல் கற்பிக்கிறேன்; வீடு பாம்பனில். கட்டுரையின் பொருள், இந்தக் கரையில் கடற்பாசி எடுக்கும் பெண்கள் பாசிகளுக்கும் காற்றுகளுக்கும் வழங்கும் பெயர்களைத் தொகுத்து, கணினியில் தேடக்கூடிய ஒரு சொற்களஞ்சியமாக ஆக்குவது. பாம்பன், மண்டபம், வேதாளை, பெரியபட்டினம் என்று ஊர் ஊராகச் சென்று ஒன்பது பெண்களிடம் கேட்டு எழுதிய சொற்கள் அவை. அவர்களில் ஒருவர் என் சின்னம்மா. கட்டுரை ஆங்கிலத்தில்; அதன் உயிரான சொற்கள் தமிழில். சிக்கல்கள் எல்லாம் இந்த இரண்டும் ஒரே வரியில் சந்திக்கும் இடத்தில்தான் பிறந்தன.

ஒரு சொல்லைப் பற்றி முன்னதாகவே கூறிவிடுகிறேன். பக்கத்தை நெட்டாகப் பிரிக்கும் பகுதியையும், ஒரு கருத்தைச் சொல்லும் வாக்கியத் தொகுதியையும் நாம் 'பத்தி' என்ற ஒரே சொல்லால் குறிக்கிறோம். மாணவி ஒருத்தியிடம் "இரண்டு பத்தியாக அமை" என்று சொல்லப்போய், அவள் முன்னுரையை இரண்டு பத்திகளாக உடைத்துக் கொண்டுவந்த பிறகு, முதலாவதற்கு 'நிரல்' என்ற சொல்லையே பயன்படுத்தி வருகிறேன். இங்கும் அப்படியே.

வார்ப்புரு, பொறியியல் மாநாடுகளில் பெரும்பாலோர் அறிந்த, ஐ-ட்ரிபிள்-ஈ என்ற பன்னாட்டுப் பொறியாளர் சங்கத்தின் அமைப்பைப் பின்பற்றியது. தலைப்பு 24 புள்ளி (புள்ளி என்பது எழுத்தின் அளவைச் சொல்லும் அலகு); கட்டுரையின் உடல் எழுத்து டைம்ஸ் நியூ ரோமன் எழுத்துருவில் 10 புள்ளி; ஆய்வுச்சுருக்கம் 9 புள்ளி, தடித்த எழுத்தில்; பட விளக்கமும் மேற்கோள் பட்டியலும் 8 புள்ளி. அட்டவணையின் தலைப்பு அட்டவணைக்கு மேலே வரும், படத்தின் விளக்கம் படத்துக்குக் கீழே வரும். பக்க எண் போடக் கூடாது, ஏனென்றால் தொகுப்பாசிரியர்தான் முழுத் தொகுப்புக்கும் எண் இடுவார். ஒரு நிரலின் அகலம் ஏறத்தாழ 9 சென்டிமீட்டர். கணினித் துறையில் வழங்கும் வேறு சில வார்ப்புருக்கள் ஒற்றை நிரலில் அமைந்தவை. ஸ்பிரிங்கர் பதிப்பகம் வெளியிடும் விரிவுரைத் தொகுப்புகளின் எழுத்துப் பரப்பு 12.2 சென்டிமீட்டர் அகலமும் 19.3 சென்டிமீட்டர் உயரமும் கொண்டது. ஒரு வார்ப்புருவுக்கு எழுதியதை இன்னொன்றுக்கு மாற்றுவது சட்டையைப் பிரித்து மறுபடி தைப்பதற்குச் சமம் என்பதால், எந்த மாநாட்டுக்கு அனுப்பப்போகிறோம் என்பதை முதலில் முடிவு செய்துவிடுவது நல்லது. எனக்கு அது தெரியவில்லை. வெறும் வெள்ளைத் தாளில், ஒற்றை நிரலில், 12 புள்ளியில் எழுதியிருந்தேன். அது பதினொரு பக்கம் வந்தது. சிறிய எழுத்தில் இரண்டு நிரலாக்கினால் பாதியாகிவிடும் என்று நம்பியது என் முதல் பிழை.

இரண்டாவது பிழை ஒட்டுதல். பழைய கோப்பிலிருந்து அப்படியே படியெடுத்து வார்ப்புருவில் ஒட்டினேன். வேர்டில் எழுத்தோடு அதன் பழைய உடையும் சேர்ந்தே வரும். வார்ப்புருவில் உட்தலைப்புக்கு ஒரு பாணி, உடலுக்கு ஒரு பாணி, பட விளக்கத்துக்கு ஒரு பாணி என்று பெயரிட்டு வைத்திருக்கிறார்கள்; நான் ஒட்டியதும் அந்தப் பட்டியலில் என் பழைய கோப்பின் பாணிகளும் புகுந்துகொண்டன. பார்வைக்கு எல்லாம் ஒன்றுபோல இருந்தது. ஆனால் ஓர் இடத்தில் இடைவெளியைத் திருத்தினால் மூன்று பக்கம் தள்ளி இன்னோர் இடம் குலைந்தது. அதுவரை நான் தலைப்பை நடுவே கொண்டுவர இடைவெளிப் பொத்தானை இருபது முறை தட்டியவள். புதிய பக்கம் தொடங்க வரிப் பொத்தானை அழுத்திக்கொண்டே போனவள். அவை அனைத்தும் இரு நிரலில் கண்டபடி சிதறின. ஒன்றரை நாள் போராடிய பிறகு, எல்லாவற்றையும் அழித்துவிட்டு, எழுத்தை மட்டும் ஒட்டும் தெரிவைப் பயன்படுத்தி, ஒவ்வொரு பத்திக்கும் வார்ப்புருவின் பாணியைச் சூட்டிக்கொண்டு வந்தேன். அதற்கு ஆனது மூன்று மணி நேரம்.

லேடெக்கில் எழுதியிருந்தால் இந்த அவதி இருந்திருக்காது என்று அந்த மூத்த ஆசிரியர் சொன்னார். உண்மைதான். கணினி அறிஞர் டொனால்ட் நூத் 1970களின் பிற்பகுதியில் தம் நூலின் அச்சுப்படியைப் பார்த்து மனம் வெறுத்து உருவாக்கத் தொடங்கிய அச்சுக்கோப்பு மென்பொருள் டெக். அதன்மேல் லெஸ்லி லாம்போர்ட் 1980களில் எழுப்பியது லேடெக். அங்கே எழுதுபவர் 'இது உட்தலைப்பு' என்று மட்டும் சொல்கிறார், மற்றதை மென்பொருள் பார்த்துக்கொள்கிறது. ஆனால் எழுதியதைப் பக்கமாக்கித் தரும் உள்மென்பொருளில், 'இயந்திரம்' என்பார்கள், பெரும்பாலோர் பயன்படுத்தும் பழையது யுனிகோட் என்ற, எல்லா மொழிகளுக்கும் பொதுவான எழுத்துக்குறி முறையில் அமைந்த தமிழை அப்படியே ஏற்பதில்லை. ஸீலேடெக், லுவாலேடெக் போன்ற பிந்தைய இயந்திரங்கள் வேண்டும். எந்த இயந்திரத்தில் ஓட்டுவார்கள் என்பதை மாநாட்டாரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டுதான் தமிழுள்ள கட்டுரைக்கு அந்த வழியில் இறங்க வேண்டும். எனக்கு அதற்கு நேரமில்லை.

களக் குறிப்புகளில் இன்னொரு பொறி காத்திருந்தது. பெரியபட்டினத்தில் எடுத்த குறிப்புகளை ஒரு தட்டச்சு நிலையத்தில் கொடுத்து அடித்து வாங்கியிருந்தேன். அவர்கள் யுனிகோட் அல்லாத பழைய எழுத்துருவான பாமினியில் அடித்திருந்தார்கள். திரையில் 'அம்மா' என்று தெரியும்; உள்ளே இருப்பதோ எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்ற ஆங்கில விசைகளின் வரிசை. வார்ப்புருவின் பாணியைச் சூட்டியதும் எழுத்துரு மாறி, பாசிப் பெயர்கள் எல்லாம் ஆங்கில எழுத்துக் குவியலாகிவிட்டன. யுனிகோடுக்கு மாற்றும் கருவிகள் உண்டு என்பதால் தப்பித்தேன், ஆனாலும் மாற்றிய பிறகு ஒவ்வொரு சொல்லையும் கையெழுத்துக் குறிப்பேட்டுடன் ஒப்பிட வேண்டியிருந்தது. சொல்லே தரவாக இருக்கும் ஆய்வில், ஒரு புள்ளி விழுந்தாலும் தரவு கெட்டது. தட்டச்சுக்குக் கொடுப்பவர்கள் 'யுனிகோடில் வேண்டும்' என்ற இரண்டு சொற்களைச் சேர்த்துச் சொன்னால் ஒரு பகல் மிஞ்சும்.

யுனிகோடில் இருந்தும் தொல்லை தீரவில்லை. பட விளக்கத்துக்கு 8 புள்ளி என்று பாணி சொல்கிறது. ஆங்கிலச் சொற்கள் எட்டாயின, தமிழ்ச் சொற்கள் மட்டும் பெரிதாகவே நின்றன. வேர்டில் ஒரே பாணிக்குள் இலத்தீன் எழுத்துக்கு ஓர் எழுத்துருவும் அளவும், தமிழ் போன்ற சிக்கலான வரிவடிவங்களுக்கு வேறோர் எழுத்துருவும் அளவும் தனித்தனியே இருக்கின்றன என்பது எனக்கு அன்றுதான் தெரிந்தது. வார்ப்புருவைச் செய்தவர்கள் முதலாவதை மட்டும் நிரப்பியிருந்தார்கள்; இரண்டாவது, கேட்பாரற்ற பின்வீட்டு அறையாகக் கிடந்தது. ஒவ்வொரு பாணியையும் திறந்து அந்த இரண்டாம் பகுதியில் அளவை இட்டேன். 10 புள்ளித் தமிழ் 10 புள்ளி ஆங்கிலத்தின் பக்கத்தில் பருத்துத் தெரிவதால், உடல் எழுத்தில் தமிழை 8.5 ஆக்கினேன். விதியை மீறுகிறேனோ என்ற அச்சத்துடன் அமைப்பாளருக்கு எழுதிக் கேட்டதில், கண்ணுக்கு ஒத்திருந்தால் போதும் என்று ஒரே வரியில் பதில் வந்தது.

எழுத்தின் உயரமும் அப்படித்தான். தமிழ்ச் சொல் வரும் வரிகள் மட்டும் விரிந்து, பக்கம் பழைய படகின் பலகைபோல வளைந்து நின்றது. வரி இடைவெளியை நிலையான அளவாகப் பூட்டினால் வரிகள் சமமாயின. ஆனால் சில எழுத்துருக்களில் மேல்விலங்கின் உச்சி வெட்டுப்பட்டது. கணினியோடு வந்த எழுத்துருவை விட்டுவிட்டு, உயரம் அடக்கமாக இருந்ததாலும் எவரும் தடையின்றிப் பயன்படுத்தும் உரிமத்தில் கிடைப்பதாலும், நோட்டோ செரிஃப் தமிழுக்கு மாறினேன். சாய்வெழுத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். உயிரினங்களின் அறிவியல் பெயர்களைச் சாய்வெழுத்தில் எழுதுவது ஆய்வுலக மரபு. நம் எழுத்துக்குச் சாய்வு மரபு கிடையாது. வார்ப்புருவின் பாணி தமிழையும் இழுத்துச் சாய்த்து, வாடையில் அகப்பட்ட தென்னையைப் போல ஆக்கியது. தமிழ்ப் பெயரை நேராக நிறுத்தி, இலத்தீன் பெயரை மட்டும் சாய்த்தேன்.

இனி அட்டவணை. பதினொரு நாட்களில் மூன்று நாட்களை அதுதான் விழுங்கியது.

ஆறு நெடுவரிசைகள் வைத்திருந்தேன்: வழக்குப் பெயர், அதன் இலத்தீன் எழுத்துப்பெயர்ப்பு, அறிவியல் பெயர், எந்தக் கடல், எந்த மாதம், என்ன பயன். 9 சென்டிமீட்டரை ஆறாகப் பங்கிட்டால் ஒன்றரைச் சென்டிமீட்டர். 'மரிக்கொழுந்துப்பாசி' என்ற ஒரு சொல்லே 8 புள்ளியில் மூன்று சென்டிமீட்டர் கேட்கிறது. ஆங்கிலத்தில் நீண்ட சொல்லை அசை பார்த்து உடைத்து இடைக்கோடு இடும் வசதி வேர்டில் உண்டு. தமிழுக்கு அது கைகொடுக்கவில்லை. எனவே பெட்டிக்குள் அடங்காத சொல்லை அது தான் நினைத்த இடத்தில் வெட்டியது: 'மரிக்கொ' ஒரு வரி, 'ழுந்துப்' ஒரு வரி, 'பாசி' ஒரு வரி. அதை அவ்வாறு எந்தத் தமிழ்க் கண்ணும் படிக்காது. எழுத்தை 6 புள்ளியாக்கினேன். அச்சிட்டுப் பார்த்தபோது ழகரமும் மகரமும் ஒன்றாகத் தெரிந்தன. அட்டவணையை இரு நிரலுக்கும் குறுக்கே பரப்பலாம், வார்ப்புரு அதற்கு இடம் தருகிறது. பரப்பினால் அது முக்கால் பக்கத்தைத் தின்றது.

இரவு பதினொரு மணிக்கு, வீட்டுக்கு வந்திருந்த சின்னம்மா திரையை எட்டிப் பார்த்தார். "பாசிப் பேரைப் பொட்டிக்குள்ள அடைக்கவா தாயி இம்புட்டு நேரம் முழிச்சிருக்கே?" என்றார். பிறகு, தமிழ் நெடுவரிசையை விரல் வைத்து எழுத்துக் கூட்டிப் படித்துவிட்டு, "இதுல மாசத்தை எதுக்குப் போட்டே? வடகடல்ல ஒரு மாசம், தென்கடல்ல ஒரு மாசம். காத்தைப் பொறுத்துல்ல" என்றார்.

அவர் சொன்னது சரி. வாடை அடிக்கும் மாதங்களில் பாக் நீரிணைப் பக்கமான வடகடல் கலங்கிக் கிடக்கும், மன்னார் வளைகுடாப் பக்கமான தென்கடலில் இறங்கலாம். தென்மேற்குக் காற்றான கச்சான் வீசும் மாதங்களில் அது தலைகீழாகும். மாதம் என்ற நெடுவரிசை, கடல் என்ற நெடுவரிசையிலிருந்தே கிடைத்துவிடுகிறது. அட்டவணையைப் பக்கத்துக்குள் அடைக்க முயலாதிருந்தால், ஒரே செய்தியை இரண்டு முறை சொல்கிறேன் என்பது எனக்குத் தெரிந்தே இராது. பயன் என்ற நெடுவரிசையைப் பார்த்தேன்: மரிக்கொழுந்துப் பாசியான ஜெலிடியெல்லாவிலிருந்தும் கஞ்சிப் பாசியான கிராசிலேரியாவிலிருந்தும் அகர் என்ற கூழ்ப்பொருளை எடுக்கிறார்கள், கட்டக்கோரை எனப்படும் சர்காசத்திலிருந்து ஆல்ஜினேட் என்ற கெட்டியாக்கும் பொருளை எடுக்கிறார்கள். நல்ல செய்தி, ஆனால் என் கேள்வி பெயர்களைப் பற்றியது. அதை முன்னுரையில் ஒரே வாக்கியமாக்கினேன். எஞ்சியவை நான்கு நெடுவரிசைகள். எழுத்துப்பெயர்ப்பை வழக்குப் பெயருக்கு நேர் கீழே அதே பெட்டியில் வைத்ததும் மூன்றாயின. மூன்றும் ஒரே நிரலுக்குள், 8 புள்ளியில், எந்தச் சொல்லும் உடையாமல் அமர்ந்தன.

அந்த எழுத்துப்பெயர்ப்பிலும் ஒரு முடிவு தேவைப்பட்டது. 1924 முதல் 1936 வரை வெளிவந்த சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதியின் முறையைக் கொண்டேன். அதில் ழகரத்துக்கு எல் எழுத்தின் கீழே ஒரு கோடு, ளகரத்துக்கு அதே எழுத்தின் கீழே ஒரு புள்ளி. 8 புள்ளியில், மங்கலான அச்சுப்பொறியில், கோட்டையும் புள்ளியையும் பிரித்தறியக் கண்ணாடி வேண்டும் என்பது உண்மையே. இருந்தாலும் 'இசட் எச்' என்று எழுதும் நாளிதழ் வழக்கைவிட அது மேல், ஏனெனில் அதிலிருந்து தமிழ் எழுத்தைப் பிழையின்றி மீட்கலாம். ஊர்ப் பெயர்களுக்கு மட்டும் அந்த முறையைக் கைவிட்டேன். கீழக்கரையை அகராதி முறையில் எழுதினால், வரைபடத்தில் தேடுகிறவருக்கு அந்த ஊர் கிடைக்காது.

படங்களில் அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. கல்லூரிக் கருத்தரங்குக்கு 18 சென்டிமீட்டர் அகலத்தில் வரைந்திருந்த வரைபடத்தை ஒரு நிரலுக்குள் பாதியாகச் சுருக்கினால், அதிலுள்ள 10 புள்ளி எழுத்தும் 5 புள்ளியாகச் சுருங்கும் என்ற எளிய கணக்கை நான் போடவில்லை. மேலும் வடகடலைச் சிவப்பிலும் தென்கடலைப் பச்சையிலும் காட்டியிருந்தேன். கறுப்பு வெள்ளையில் அச்சிட்டபோது இரண்டு கடலும் ஒரே சாம்பல் நிறமாயின. 9 சென்டிமீட்டருக்கே புதிதாக வரைந்து, ஒன்றை நிரப்பியும் மற்றதைக் கோடிட்டும் வேறுபடுத்தினேன்.

மேற்கோள் பட்டியலில் என்னை நானே தேட வேண்டியிருந்த கதையைச் சொல்லாமல் விட மனமில்லை. எங்களைப் போன்றவர்களுக்குக் குடும்பப்பெயர் கிடையாது. தந்தையின் பெயரின் முதலெழுத்தும் நம் பெயரும்தான். மேலைநாட்டுப் படிவங்களில் குடும்பப்பெயர் என்ற கட்டம் கட்டாயம். என் முதல் கட்டுரையில் அந்தக் கட்டத்தில் தலைப்பெழுத்தை இட்டேன். இந்த மேற்கோள் முறை இடுபெயரை முதலெழுத்தாகச் சுருக்கிக் குடும்பப்பெயரை முழுதாகக் காட்டுவதால், அங்கே நான் புள்ளி வைத்த இரண்டு எழுத்துகளாக மட்டும் நிற்கிறேன். அதற்குப் பயந்து இரண்டாம் கட்டுரையில் தந்தையின் பெயரை விரித்து எழுதினேன். அதன் விளைவாக, வாழ்நாளெல்லாம் வள்ளத்தில் போய் வந்த என் தந்தை, மேற்கோள்களில் கணினி அறிவியல் ஆய்வாளராகிவிட்டார். அவருக்கு அதில் பெருமைதான். எனக்கோ மூன்று கட்டுரைகள் மூன்று ஆள்களின் பெயரில் கிடக்கின்றன. 2012 முதல் வழங்கப்படும் ஆர்க்கிட் என்ற 16 இலக்க அடையாள எண்ணை வாங்கி மூன்றையும் அதில் சேர்த்துவிட்டேன். ஆய்வைத் தொடங்கும் மாணவர்கள் முதல் கட்டுரைக்கு முன்பே பெயரின் வடிவத்தை முடிவு செய்து, அதை ஒருபோதும் மாற்றாமல் இருக்க வேண்டும் என்று வகுப்பில் சொல்லிவருகிறேன்.

மேற்கோள் மென்பொருளை நம்பி இருந்துவிடவும் கூடாது. இந்த முறையில் கட்டுரைத் தலைப்பின் முதல் சொல்லைத் தவிர மற்றவை சிற்றெழுத்தாகும். மென்பொருளுக்குச் சிறப்புப்பெயர் எது என்று தெரியாததால், பாக் நீரிணையும் மன்னாரும் தங்கள் பேரெழுத்தை இழந்திருந்தன. தமிழ் நூல்களின் பெயர்களை எழுத்துப்பெயர்த்து, அருகே ஆங்கிலப் பொருளும் தந்து, 'தமிழில்' என்ற குறிப்பையும் சேர்த்தேன்.

மதிப்பிடுபவருக்கு எழுதியவர் யார் என்று தெரியக் கூடாது என்பது அந்த மாநாட்டின் விதி. பெயரையும் கல்லூரியையும் எடுத்துவிட்டால் போதும் என்று நினைத்தேன். 'எங்கள் முந்தைய ஆய்வில்' என்று எழுதியிருந்த இரண்டு இடங்களை மாணவி ஒருத்தி சுட்டிக்காட்டினாள். கோப்பின் பண்புகளில் ஆசிரியர் என்ற இடத்தில் என் பெயர் இருந்தது. கோப்புப் பெயரிலும் இருந்தது. எல்லாவற்றையும் துடைத்தேன். நன்றியுரையையும் எடுக்க வேண்டியிருந்தது; ஒன்பது பெண்களின் பெயர்களும் அதில்தான் இருந்தன. 'தகவலாளி 1' முதல் 'தகவலாளி 9' வரை என்று எழுதியபோது, சின்னம்மாவுக்கு நான்காம் எண் விழுந்தது. அவரிடம் அதைச் சொல்லவில்லை.

கடைசி நாள் இரவு கார்த்திகை மழை. ஒன்பது மணிக்கு மின்சாரம் போயிற்று. மடிக்கணினியில் இருந்த மின்னேற்றத்தையும் கைபேசி இணையத்தையும் வைத்துக்கொண்டு, 11:59க்குள் ஏற்றிவிட வேண்டும் என்ற பதற்றத்தில், அச்சிடும் கட்டளை வழியாகவே பிடிஎஃப் ஆக்கி 11:40க்கு ஏற்றினேன். காலையில் அறிவிப்பை மறுபடி படித்தபோதுதான், நேரத்தின் பக்கத்தில் 'பூமியில் எங்கேனும்' என்று பொருள்படும் குறிப்பு கண்ணில் பட்டது. உலகின் கடைசி நேர மண்டலத்திலும் அந்த நாள் முடியும்வரை காத்திருப்பார்கள் என்பது அதன் பொருள். நம் கணக்கில் அது மறுநாள் மாலை 5:29. எனக்கு இன்னும் பத்து மணி நேரம் இருந்தது.

அந்த நேரத்தில் செய்த ஒரு சோதனையை எல்லாரும் செய்ய வேண்டும் என்பேன். ஏற்றிய கோப்பைத் தளத்திலிருந்து மறுபடி இறக்கி, பிடிஎஃப்-இல் உள்ள தமிழ்ச் சொல் ஒன்றைப் படியெடுத்து வெறும் எழுத்துத் திருத்தியில் ஒட்டிப் பாருங்கள். என் 'மரிக்கொழுந்து' கொம்பு ககரத்துக்கு முன்னும் கால் பின்னுமாகப் பிரிந்து சிதறி விழுந்தது. கண்ணுக்கு அழகாகத் தெரிந்த சொல், தேடினால் கிடைக்காது. தேடத்தக்க களஞ்சியம் என்று ஆறு பக்கம் எழுதியவளின் கோப்பிலேயே அந்தச் சொல்லைத் தேட முடியவில்லை. அச்சுக் கட்டளையை விட்டு, ஏற்றுமதிக் கட்டளை வழியாக மறுபடி பிடிஎஃப் ஆக்கியதில் பெரும்பாலானவை சரியாயின. ஓரிரு இடங்களில் கொம்பு இன்னும் முன்னே துருத்திக்கொண்டுதான் நின்றது. பக்கத்திலேயே இலத்தீன் எழுத்துப்பெயர்ப்பு இருந்ததால் தேடுபவர் அதன் வழியாகவேனும் வந்து சேர்வார். கோப்பின் பண்புகளில் எழுத்துருப் பட்டியலைத் திறந்து, ஒவ்வொன்றும் உட்பொதிக்கப்பட்டிருக்கிறதா என்றும் பார்த்தேன். பொதியாத எழுத்துரு, அது இல்லாத கணினியில் வெறும் கட்டங்களாகவோ வேறு எழுத்துகளாகவோ தெரியும். பிற்பகல் மூன்று மணிக்குப் பழைய கோப்பை நீக்கிப் புதியதை ஏற்றினேன்.

கட்டுரை ஏற்கப்பட்ட செய்தி தை மாதம் வந்தது. இறுதிப் படியை, அதாவது அந்தக் காலத்தில் தாளாக அனுப்பி ஒளிப்படம் எடுத்து அச்சிட்டதன் நினைவாக இன்றும் 'கேமராவுக்கு அணியமான படி' என்று அழைக்கப்படுவதை, மூன்று வாரத்தில் தர வேண்டும். இப்போது பெயர்கள் திரும்பி வரலாம். நன்றியுரையைச் சேர்த்ததும் கட்டுரை ஏழாம் பக்கத்தில் நான்கு வரி வழிந்தது. விளிம்பைச் சற்று நகர்த்தினால் அடங்கும், ஆனால் சரிபார்ப்புத் தளம் விளிம்பை அளந்து திருப்பி அனுப்பிவிடும். அதைவிட, என் முடிவுரையில் 'கடல்சார் மரபறிவின் பெருஞ்செல்வம்' என்று தொடங்கிய ஐந்து வரி வாக்கியம் ஒன்றுமே சொல்லவில்லை என்பது அதற்குள் எனக்கே தெரிந்திருந்தது. அதை எடுத்தேன்.

பெயர்களை எப்படி எழுதுவது என்று கேட்க ஒன்பது பேரையும் பார்த்து வந்தேன். ஒருவர் தந்தையின் எழுத்தைச் சொன்னார். ஒருவர் கணவரின் எழுத்தைச் சொன்னார். ஒருவர் இரண்டையும் போடச் சொன்னார். சின்னம்மா, "கடலுக்குள்ள எறங்குறது நானு. எம் பேரை மட்டும் போடு, ஊரைப் போடு" என்றார். மற்றவர்களிடமும் அதையே சொல்லிக் கேட்டதில் எல்லாரும் ஒப்புக்கொண்டார்கள். தலைப்பெழுத்து எதுவுமின்றி, ஒவ்வொரு பெயரும் தமிழில் ஒரு முறை, ஆங்கிலத்தில் ஒரு முறை, பின்னால் ஊர். ஆறாம் பக்கத்தின் இடது நிரலில், மேற்கோள் பட்டியலுக்கு மேலே, எண் இடப்படாத தலைப்பின் கீழ் அந்த ஒன்பது பெயர்கள் இருக்கின்றன. மேற்கோள்கள் 8 புள்ளி; நன்றியுரை உடல் எழுத்தைச் சேர்ந்தது என்பதால் 10 புள்ளி.